சுவரில் காயும் பூட்ஸ்

என் வீட்டுக்காரருக்குத் தவளை என்று பேர் வைத்தவள் நான்தான். ஏதோ ஒரு கோபத்தில் வாயில் வந்தது. கொழுந்தன் பிடித்துக்கொண்டார், காளான் வாங்க வருகிறவர்கள் அவரிடமிருந்து பிடித்துக்கொண்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேரை இப்போது ஆஸ்பத்திரிச் சீட்டில்தான் பார்க்க முடிகிறது. பொழுது விடிந்தால் ஈரத்தில் இறங்கி, பொழுது சாய்ந்தால் ஈரத்தோடு ஏறி வருகிற மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவது?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிப்பிக் காளான் கொட்டகை. ஜன்னல் கிடையாது. வேகவைத்த வைக்கோலை நீள நீளமான பைகளில் அடைத்து, நடுநடுவே காளான் விதையைத் தூவி, கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். சுவரெல்லாம் நனைந்த சாக்கு. மேலே ஓடும் குழாயிலிருந்து தண்ணீர் புகை மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே போனால் மூக்குக் கண்ணாடியைப் பனி மூடிக்கொள்ளும், தீக்குச்சி பற்றாது, சட்டைப் பையில் வைத்த பிஸ்கட் துவண்டுபோகும். கதவோரம் காற்றின் ஈரத்தைக் காட்டும் மீட்டர் ஒன்று மாட்டியிருந்தது. அதன் முள் எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால் இவர் முகம் அதற்கும் கீழே இறங்கிவிடும். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோதுகூட என் நெற்றியைத் தொட்டுப் பார்த்ததைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்த்தார்.

அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி, பச்சைப் பூஞ்சை. தொழில் தொடங்கிய புதிதில் யாருடைய செருப்பிலோ ஒட்டி வந்த தூசியால் ஒரு பையில் பச்சை பிடித்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் கொட்டகை முழுக்கப் பரவி, அத்தனை பைகளையும் குழி வெட்டிப் புதைத்தார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே சட்டம். உள்ளே இருப்பது வெளியே வரக் கூடாது, வெளியே இருப்பது உள்ளே போகக் கூடாது. கொட்டகைக்கு முன்னால் ஒரு சின்ன அறை கட்டினார்கள். அங்கே செருப்பைக் கழற்றிப் போட்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, அந்த ஈரக் காலோடு அலமாரியில் இருக்கும் ரப்பர் பூட்ஸில் நுழைய வேண்டும். அந்த பூட்ஸ் வெயிலைக் கண்டதே கிடையாது. வெளியே காயவைத்தால் காற்றிலிருந்து பச்சை வந்து ஒட்டிக்கொள்ளுமாம். பெற்ற தாயே வந்தாலும் காலை நனைக்காமல் உள்ளே விடமாட்டார். பைகளுக்கு நோய் வரக் கூடாது என்று இத்தனை பார்த்த மனிதர், நாமும் தோலால் மூடின பைதான் என்பதை மறந்துவிட்டார்.

முதலில் இடுப்பில்தான் வந்தது. பெல்ட் அழுத்தும் இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம், ஓரம் மட்டும் மேடாக, நடுவே வெளுத்து. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, படர்தாமரை. பாழாய்ப்போன நோய்க்கு என்ன அழகான பேர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்!

"டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

"வேர்க்குருவுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போனா அவங்க சிரிப்பாங்கம்மா."

கொழுந்தன் மருந்துக் கடையிலிருந்து ஒரு ட்யூப் வாங்கிவந்தார். "அண்ணனுக்குத் தடவிப் பாருங்க அண்ணி, அரிப்பு போன இடம் தெரியாது" என்றார். சொன்ன மாதிரியே ராத்திரிக்குள் அரிப்பு நின்றது, சிவப்பும் மங்கியது. எனக்கே அந்த ட்யூபின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனால் தடவுவதை நிறுத்தினால் பழைய வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் பெரிதாக வந்தது. மறுபடி தடவினார், மறுபடி மங்கியது. இப்படியே முதுகுக்கு ஏறியது, தொடைக்கு இறங்கியது.

ஒரு நாள் காலையில் எங்கள் குட்டி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தலை வாரிவிட்டேன். இடது கன்னத்தில் சின்னதாக ஒரு வட்டம். அவள் தினமும் அப்பாவின் தோளில் அந்தக் கன்னத்தை வைத்துத்தான் தூங்குவாள். அவர் முதுகில் எத்தனை வட்டம் வந்தபோதும் வராத பயம் அன்று வந்தது. சீப்பைக் கீழே போட்டுவிட்டு, கொட்டகை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அப்பனையும் மகளையும் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா குட்டியின் கன்னத்தைப் பார்த்து, "இது சீக்கிரம் போயிடும், பயப்படாதீங்க" என்றார். அப்புறம் இவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார், காளான் கொட்டகையையும் ரப்பர் பூட்ஸையும் சொன்னேன். உடனே இவரிடம் திரும்பி, "சாக்ஸைக் கழட்டுங்க" என்றார்.

"கால்ல ஒண்ணுமில்லைங்க. இடுப்புலதான்."

"கழட்டுங்க."

வலது காலில் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் வெள்ளையாக ஊறி, பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. நாள் முழுக்கத் துணி துவைத்தால் என் கை அப்படி ஊறும், ஆனால் உலர்ந்ததும் சரியாகிவிடும். இது உலர்ந்து எத்தனை மாதமோ. அரிக்குதா என்று கேட்டார் டாக்டரம்மா. இல்லை என்றார் இவர். ஒரு ஊசியை எடுத்து உள்ளங்காலில் வைத்து, "குத்தும்போது சொல்லுங்க" என்றார்.

"சரி, குத்துங்க."

"குத்திட்டேன்."

இவருக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரியும். அது காலின் உணர்ச்சியையே எடுத்துக்கொண்டு போய்விட்டது அன்றுதான் தெரிந்தது. டாக்டரம்மா வெள்ளைத் தோலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு எங்களையும் பார்க்கச் சொன்னார். உள்ளே கிளை பிரிந்து கிளை பிரிந்து நூல் நூலாக ஓடியிருந்தது. கொட்டகையில் வைக்கோலுக்குள் ஓடும் வெள்ளை நூலை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். அதே மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இவர் குனிந்து பார்த்துவிட்டுச் சொல்கிறார், "அட, நம்ம விதை ஓடுற மாதிரியே எவ்வளவு அருமையா ஓடியிருக்கு!" குரலில் சந்தோஷம் வேறு. அந்த இடத்திலேயே தலையில் குட்டலாமா என்றிருந்தது.

"இது உங்க காளான் இல்லை" என்றார் டாக்டரம்மா. "இது தோலைத் தின்னுற வேற ஜாதி. ஆனா ரெண்டுக்கும் பிடிச்ச வீடு ஒண்ணுதான். சூடு, இருட்டு, ஈரம். காஞ்ச தோல்ல விழுந்தா பெரும்பாலும் உதிர்ந்து போயிடும். ஊறின தோல்ல விழுந்தா ஒட்டிக்கிட்டு முளைச்சிடும். நீங்க கொட்டகைக்குள்ள அதை வளர்க்கிறீங்க, பூட்ஸுக்குள்ள இதை வளர்க்கிறீங்க."

நான் அந்த ட்யூபைக் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "இது அரிப்பை நிறுத்தும். பூஞ்சையோட உங்க உடம்பு போடுற சண்டையையும் நிறுத்திடும். நாய் குரைக்கிறது நின்னதும் திருடன் போயிட்டான்னு நினைச்சிட்டீங்க."

பிறகு நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நல்லாக் கேளுங்க. இந்தப் பிளவு வழியா வேற கிருமி உள்ள போகும். மத்தவங்களுக்கு வலிக்கும், ஓடி வருவாங்க. உங்களுக்கு வலிக்காது. உங்களுக்குத் தெரியிற நேரத்துல காலை எடுக்க வேண்டியிருக்கும். மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரையால மட்டும் ஆகாது. கால் காயணும். பூட்ஸ் வெயில்ல காயணும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. நான் பேசாவிட்டால் அவருக்குப் பயம் வரும். "இன்னொரு ஜோடி வாங்கிடறேன்மா" என்று அவராகவே இறங்கிவந்தார். "ஒண்ணு கால்ல, ஒண்ணு வெயில்ல. மாத்தி மாத்திப் போட்டுக்கிறேன். போதுமா?"

போதும் என்றேன். மறுநாளிலிருந்து பின்பக்கத்துச் சுவரின் மேல், சூரியனுக்கு வாயைக் காட்டிக்கொண்டு, ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் சாய்ந்திருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன், மனசு குளிரும். சாக்ஸை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ராத்திரி அவர் காலை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி, மின்விசிறிக்கு நேராக நீட்டி வைத்து மருந்து போட்டேன். "மகாராணி கால் மாதிரி பார்த்துக்கிறியே" என்று கேலி வேறு. குட்டியின் கன்னம் தெளிந்தது. இவர் இடுப்பும் முதுகும் தெளிந்தன. கால் மட்டும் தெளியவே இல்லை. ராத்திரி உலர்த்தி அனுப்புவேன், சாயங்காலம் வெள்ளையாக ஊறித் திரும்பி வரும்.

மாத்திரையைத் திட்டினேன், டாக்டரம்மாவைத் திட்டினேன், சோப்பை மாற்றினேன். கொழுந்தனைப் பிடித்து, "தம்பி, உங்க அண்ணன் பூட்ஸை ஒழுங்கா மாத்தறாரா?" என்று கேட்டேன்.

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? தினம் மாத்தறாரு. நானே பார்க்கிறேனே."

வேலிக்கு ஓணான் சாட்சி. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மத்தியானம் பலத்த காற்று. கொடியில் இருந்த குட்டியின் சட்டை பறந்துபோய்ச் சுவரின் மேல் விழுந்தது. எடுக்கப் போனேன். சட்டை பூட்ஸின் மேல் கிடந்தது. தூக்கினால், ஒரு பூட்ஸின் வாயில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சிலந்தி வலை. வலையில் காய்ந்துபோன ஈக்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் பஞ்சுருண்டை மாதிரி முட்டை கட்டி, தாய்ச் சிலந்தி குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறது. திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். கடையில் ஒட்டின விலைச் சீட்டுகூடக் கிழியவில்லை.

பச்சைக்குப் பயந்து ஒரு நாள்கூட அதை அவர் காலில் போடவில்லை. என் கண்ணுக்காக ஒரு ஜோடியை வெயிலில் வைத்துவிட்டு, உள்ளே அதே பழைய ஈர பூட்ஸில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், என் வீட்டிலேயே என் ஜன்னலுக்கு எதிரிலேயே மறைத்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் சட்டத்தையும் பார்க்கவில்லை, மருந்துத் தண்ணீரையும் பார்க்கவில்லை. செருப்புக் காலோடு கொட்டகைக்குள் நுழைந்துவிட்டேன்.

அவர் ஒரு பையைக் கையில் ஏந்தி, புதிதாக விட்டிருந்த மொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் செருப்பைத்தான் பார்த்தார்.

"ஐயோ, செருப்போட வந்துட்டியே!"

"உக்காருங்க."

"பச்சை பிடிச்சிடும்மா, முதல்ல வெளிய போ..."

"உக்காருங்கன்னு சொல்றேன்!"

ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது பூட்ஸைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை, கால் வீங்கியிருந்தது. கொழுந்தன் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். பூட்ஸோடு தண்ணீர் கொட்டியது, கூடவே ஒரு நாற்றம். சாக்ஸை உரித்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. அங்கிருந்து சிவப்பு கணுக்காலைத் தாண்டி முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. காலையில்கூட அந்த விரல் வெறும் வெள்ளையாகத்தான் இருந்தது, நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

அவரும் குனிந்து பார்த்தார். வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. "வலிக்கவே இல்லையேம்மா" என்றார்.

வாடகை வண்டியில் போகும்போதே காய்ச்சல் அனலாக அடித்தது. முதலில் விரல்களை எடுத்தார்கள். அது போதவில்லை. பிறகு கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதேன். தினமும் மடியில் வைத்துத் துடைத்த கால்.

அன்றே வீட்டுக்கு வந்து குளித்தேன். நேராகக் கொட்டகைக்குப் போனேன். குழாயை நிறுத்தினேன். சாக்குகளைப் பிய்த்துப் போட்டேன். இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தேன். எத்தனையோ வருஷமாக வெயிலே படாத தரையில் வெயில் விழுந்தது. பழைய பூட்ஸையெல்லாம் வாரிக் குப்பைக் குழியில் போட்டு எரித்தேன்.

கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "அண்ணி! நாளைக்குப் பறிக்கிற பயிர் அண்ணி!"

"பறிச்சாச்சு" என்றேன். "உங்க அண்ணன் காலைப் பறிச்சாச்சு. இதுக்கு மேல என்ன பறிக்கணும்?"

வெயில் ஏற ஏறக் காளான்கள் ஓரம் சுருண்டு, பழுப்பாகி, பைகளிலேயே வற்றிப்போயின. எனக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். இவர் சக்கரக் கட்டிலில் அறைக்கு வந்து, கண் விழித்து, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "முள் எங்க நிக்குது?"

அந்த மீட்டரைக் கழற்றிவந்து எங்கள் படுக்கையறையில் மாட்டினேன். இப்போது அந்த முள்ளைப் பார்ப்பவள் நான். அது அறுபதைத் தாண்டினால் என் முகம் இறங்கும், ஜன்னலைத் திறப்பேன், மின்விசிறியைக் கூட்டுவேன். மிச்சம் இருப்பது ஒரு கால். அதையாவது காப்பாற்றிவிட வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் கிடையாது. கொழுந்தன் சில மாதம் கழித்துக் கொட்டகையைத் திரும்பத் தொடங்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வேறு பிழைப்பு எங்களுக்கு ஏது? சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. அண்ணன் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. கொழுந்தன் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தன்னுடைய பூட்ஸைத் தினமும் ஒழுங்காக வெயிலில் வைத்தார். பச்சையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை.

சுவரின் மேல் இருந்த அந்தப் புது ஜோடியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்து எறிய எனக்குக் கை வரவில்லை. பாத்திரம் கழுவும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். முன்னே குளிர்ந்த மனசு இப்போது எரியும். பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

மழைக்காலம் வந்தது. உப்பு கரைந்தது, அலமாரியில் துணி பூத்தது, சுவர் வியர்த்தது. படுக்கையறையில் முள் ஏறிக்கொண்டே போனது, நான் எத்தனை முறை ஜன்னலைத் திறந்து மூடினாலும் இறங்கவில்லை. இவர் ஊன்றுகோலோடு நன்றாக நடக்கப் பழகியிருந்தார். மத்தியானம் நான் குட்டியை அழைத்துவரப் பள்ளிக்கூடம் போய்வருவேன். திரும்பி வரும்போது எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், முகம் தெளிவாக இருக்கும். பழையபடி மனுஷன் சிரிக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மழை ஈரத்தில் வழுக்கிவிடக் கூடாது என்று காலைக் கழுவித் துடைத்துக்கொள்வதை அவரே செய்ய ஆரம்பித்தார். "எவ்வளவு நாளைக்கு என் காலைப் பிடிப்பே?" என்றார். நானும் விட்டேன்.

நேற்று மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. பாத்திரத்தைக் கழுவிவிட்டு, பழைய பழக்கத்தில் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன்.

ஒரு பூட்ஸ்தான் இருந்தது.

காற்றில் விழுந்திருக்கும் என்று வெளியே போய்ச் சுவரின் இரண்டு பக்கமும் தேடினேன். இல்லை. சுவரின் மேல் நின்றது வலது கால் பூட்ஸ். அதன் வாயில் வலை அப்படியே இருந்தது, மழைத் துளி கோத்துக்கொண்டு. இடது காலுக்குரியது இல்லை.

கொழுந்தன் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். முன் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில், சுவரை ஒட்டி, அது மட்டும் தனியாக நின்றது. கையை உள்ளே விட்டேன். ஊறியிருந்தது.

வீட்டுக்குள் போனேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து, வலது கால் இருந்திருக்க வேண்டிய வெறும் இடத்தில் விரல்களால் காற்றைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"இந்தக் கூத்தைப் பாரும்மா" என்றார் சிரித்துக்கொண்டே. "இல்லாத கால் அரிக்குது. விரலிடுக்குல, அதே இடத்துல. உயிர் போகுது."

எடுத்த கால் அப்படித்தான் கொஞ்ச நாள் அரிக்கும், வலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். இடது காலைப் பிடித்தேன். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார், நான் விடவில்லை. மடியில் வைத்து, கடைசி இரண்டு விரல்களையும் பிரித்தேன்.

வெள்ளையாக ஊறி, நடுவே மெல்லியதாக ஒரு பிளவு.

"இது அரிக்கலையா?" என்று கேட்டேன்.

"அதுவா? அது நல்ல கால்தானேம்மா" என்றார். "அதுல ஒண்ணுமே தெரியலையே."